ஐரோப்பாவில் கம்யூனிஸ்ட் கட்சிகளுக்கு இன்னும் உயிர் இருக்கிறதா? வாசகசாலைப் பேச்சுக்கு உதவி வேண்டும்

வண்டிப்பெரியாறு ரவி:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் வாசகசாலையில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேச்சு நடக்கும். இந்த முறை என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். "இன்றைய ஐரோப்பாவில் கம்யூனிஸ்ட் கட்சிகள்" என்ற தலைப்பை நானே கேட்டு வாங்கினேன். ஆனால் தேடத் தேட, கிடைக்கிற செய்திகள் ஒன்றோடு ஒன்று ஒட்டவில்லை.

அப்பா எஸ்டேட் பேக்டரியில் வேலை பார்த்தவர், பழைய கட்சி உறுப்பினர். 1957இல் கேரளத்தில் இ.எம்.எஸ். தலைமையில் கம்யூனிஸ்ட் ஆட்சி வந்தது, 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் ரோசம்மா புன்னூஸ் ஜெயித்தது, அதற்காகப் பாவலர் வரதராசன் மலையேறி வந்து பாடியது எல்லாம் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஐரோப்பாவைப் பற்றிக் கேட்டால் மட்டும், "சோவியத் போனதோட அங்க எல்லாம் முடிஞ்சுது" என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறார். இன்னொரு பக்கம், கூடப் படித்த நண்பன் ஆஸ்திரியாவின் இரண்டாவது பெரிய நகரத்துக்கு 2021இல் ஒரு கம்யூனிஸ்ட் பெண்மணி மேயர் ஆனார் என்று செய்தி அனுப்புகிறான்.

ஒரு நாட்டில் ஏன் செத்தது, இன்னொரு நாட்டில் ஏன் பிழைத்தது? பிழைத்தவர்கள் இன்னும் மார்க்ஸைப் பேசுகிறார்களா, இல்லை பெயர் மட்டும்தான் மிச்சமா? கேட்க வருகிறவர்களில் பாதிப்பேர் கொழுந்து பறித்துவிட்டு வாரத்தில் ஒரே ஒரு லீவு நாளில் வருகிறவர்கள். அவர்களுக்குப் பயன்படுகிற மாதிரி எங்கிருந்து தொடங்குவது?

கொழிஞ்சாம்பாறை மாஷ்:

தம்பி, இத்தாலியிலிருந்து தொடங்குங்கள். விழுந்ததில் பெரிய மரம் அதுதான். 1921இல் லிவோர்னோ நகரத்தில் தொடங்கிய கட்சி. முசோலினி ஆட்களையும் ஜெர்மன் படையையும் எதிர்த்து மலைகளில் சண்டை போட்டவர்கள் என்ற மதிப்பு, போருக்குப் பிறகு அவர்களை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. 1976 தேர்தலில் 34.4 சதவீத வாக்கு. மேற்கு ஐரோப்பாவில் அவ்வளவு பெரிய கம்யூனிஸ்ட் கட்சி வேறு கிடையாது. மாஸ்கோ சொல்கிறபடி ஆடமாட்டோம், தேர்தல் வழியிலேயே சோசலிசத்துக்குப் போவோம் என்று சொன்னவர் அவர்களுடைய தலைவர் பெர்லிங்குவேர். யூரோ கம்யூனிசம் என்று அதற்குப் பெயர் வந்தது. 1984 ஜூனில் பாதுவாவில் மேடையில் பேசிக்கொண்டிருக்கும்போதே மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு நாலாம் நாள் இறந்தார். அடுத்து வந்த ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் கட்சி 33.3 சதவீதத்தோடு நாட்டிலேயே முதலிடம்.

அப்புறம் ஏழு வருடம்கூட இல்லை. 1989 நவம்பரில் பெர்லின் சுவர் திறந்த மூன்றாம் நாள், அப்போதைய செயலாளர் ஒக்கெத்தோ பொலோன்யாவில் ஒரு கூட்டத்தில் கட்சி மாற வேண்டும் என்று பேச்சை எடுத்தார். 1991 பிப்ரவரியில் ரிமினி மாநாட்டில் கட்சியைக் கலைத்து வேறு பெயர் வைத்துக்கொண்டார்கள். பத்து லட்சத்துக்கும் மேல் உறுப்பினர்கள் இருந்த கட்சி. மறுத்துப் பிரிந்தவர்கள் தனிக்கட்சி வைத்துப் பார்த்தார்கள். 2008 தேர்தலில் கம்யூனிஸ்ட் என்று சொல்லிக்கொள்ள ஒருவர்கூட நாடாளுமன்றத்துக்குள் இல்லை.

என் தீர்ப்பு: பெயரை விட்டவன் கொள்கையையும் விட்டான், ஜனமும் அவனை விட்டது. இந்த ஒன்றைச் சொன்னாலே உங்கள் பேச்சு நின்றுவிடும்.

மூணாறு சரஸ்வதி:

மாஷ் சொன்ன சங்கதி எல்லாம் சரி, தீர்ப்பு மட்டும் எனக்குச் சரியாகப் படவில்லை. பிரான்சில் பெயரை விடவே இல்லையே. 1920இல் தொடங்கிய அதே கட்சி, கம்யூனிஸ்ட் என்ற பெயர் இன்னும் இருக்கிறது. 1946இல் நாலில் ஒருவருக்கும் மேல் அவர்களுக்கு ஓட்டுப் போட்டார்கள். 2022 குடியரசுத் தலைவர் தேர்தலில் அவர்கள் வேட்பாளர் ரூசெலுக்குக் கிடைத்தது 2.28 சதவீதம். 2024இல் அதே ரூசெல், வடக்கே பழைய சுரங்கப் பகுதியில், தன் சொந்தத் தொகுதியையே தீவிர வலதுசாரியிடம் இழந்தார். தலைமுறை தலைமுறையாகச் சிவப்பாக இருந்த வட்டாரம் அது. ஆக, பெயர் காப்பாற்றாது தம்பி.

நான் கொழுந்து பறித்தவள் மகள். யூனியன் ஆபீசில் எழுத்து வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மனு எழுதுவது, பி.எப். பாரம் நிரப்புவது, கிராஜுவிட்டி கேசுக்கு ஓடுவது இதுதான் என் வாழ்க்கை. அதனால் உன் நண்பன் சொன்ன அந்த நகரத்தைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடித்தேடிப் படித்திருக்கிறேன். நகரத்தின் பெயர் கிராட்ஸ். சுமார் மூன்று லட்சம் பேர் இருக்கிற ஊர்.

கதை மேயரிலிருந்து தொடங்கவில்லை. 1990களில் எர்னஸ்ட் கால்டெனெக்கர் என்பவர் நகரசபையில் கம்யூனிஸ்ட் உறுப்பினராக இருந்தார். ஆஸ்திரியா நாடாளுமன்றத்தில் அந்தக் கட்சிக்கு 1959க்குப் பிறகு ஓர் இடம்கூட இல்லை. சோவியத்தும் போன நேரம். அவர் செய்தது, வாடகைக்கு இருக்கிறவர்கள் எந்த நேரமும் கூப்பிடலாம் என்று ஒரு தொலைபேசி எண் வைத்தது. வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்கிறாரா, முன்பணத்தைத் திருப்பித் தரவில்லையா, குளிருக்கு வீட்டைச் சூடேற்றும் செலவு என்று கூடுதலாகப் பிடிக்கிறாரா, எதுவானாலும் ஆள் வந்து காகிதத்தைப் பார்ப்பார். தேவைப்பட்டால் வக்கீலும் வருவார்.

1998இல் நகர நிர்வாகத்தில் வீட்டு வசதித் துறை அவர் கைக்கு வந்தது. அந்தத் துறையை வேறு யாரும் விரும்பி எடுக்கமாட்டார்கள், கெட்ட பேர்தான் மிஞ்சும். அப்போதும் நகராட்சிக் குடியிருப்புகளில் சில வீடுகளுக்குச் சொந்தக் குளியலறை கிடையாது, கக்கூஸ் பொதுவில் இருந்தது. ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் குளியலறையும் கழிப்பறையும் வர வேண்டும் என்று அவர் விடாமல் நின்று செய்ய வைத்தார். 2003 தேர்தலில் அந்தச் சின்னக் கட்சிக்கு 20.8 சதவீதம்.

இதை நான் படித்தபோது எஸ்டேட்டில் நாங்கள் இருந்த வரிசை வீடு, எங்கள் லயம்தான் கண்முன் வந்தது. வரிசையின் கடைசியில் தகரக் கதவு போட்ட கக்கூஸ். மழைக்காலத்தில் ராத்திரி போக வேண்டுமென்றால் அம்மா என்னை எழுப்பித் துணைக்குக் கூட்டிப்போவார். கதவில் கொக்கி கிடையாது, நான் வெளியே நின்று இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். டார்ச் வெளிச்சத்தில் அட்டை ஏறுகிறதா என்று காலைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். ஓய்வு பெற்றதும் அந்த லயத்தைக்கூடக் காலி செய்ய வேண்டும், செய்தால்தான் கிராஜுவிட்டி கைக்கு வரும் என்று சொன்னார்கள். வாழ்நாள் முழுக்க அந்த மலையில் உழைத்தவருக்கு அங்கே ஒரு சென்ட் நிலம் கிடையாது. இந்த ஊர்ப் பெண்களிடம் சோசலிசத்தைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் வீட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும், ரவி. மற்றதெல்லாம் அதற்கப்புறம் காதில் ஏறும்.

கால்டெனெக்கருக்குப் பின் அந்தத் துறைக்கு வந்தவர் எல்கே கார். 2021 செப்டம்பர் நகரத் தேர்தலில் அவர் கட்சி 28.8 சதவீதம் வாங்கி முதலிடம் வந்தது. நவம்பரில் மேயர் ஆனார், பசுமைக் கட்சியும் சமூக ஜனநாயகக் கட்சியும் கூட்டு. அந்தக் கட்சியில் ஒரு விதி உண்டு. பதவியில் இருப்பவர் ஒரு சாதாரணத் தொழிலாளி வாங்குகிற அளவுக்குத் தனக்கு எடுத்துக்கொண்டு மிச்சச் சம்பளத்தைக் கொடுத்துவிட வேண்டும். மேயராகும்போது கார் தனக்கு வைத்துக்கொண்டது மாதம் சுமார் 2,000 யூரோ. மிச்சம் வாடகை கட்ட முடியாதவர்களுக்கும், கெட்டுப்போன வாஷிங் மெஷினை மாற்ற வழியில்லாதவர்களுக்கும் போகிறது. வருடா வருடம் டிசம்பரில் கணக்கை ஊரார் முன் வைக்கிறார்கள். இன்னொன்றையும் கவனி. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து குடியேறியவர்களுக்கு அந்த நகரத் தேர்தலில் ஓட்டு கிடையாது. உதவி கேட்டு வருகிறவர்களில் அவர்களும் உண்டு, அவர்களுக்கும் உதவி கிடைக்கிறது.

பெல்ஜியத்தில் தொழிலாளர் கட்சி என்று ஒன்று இருக்கிறது. மார்க்சியக் கட்சி என்று வெளிப்படையாகவே சொல்லிக்கொள்வார்கள். மாவோ வழிப் போன மாணவர்கள் ஆரம்பித்தது. அவர்களுடைய டாக்டர்கள் 1971இல் ஆண்ட்வெர்ப்புக்குப் பக்கத்தில் ஹோபோகன் என்ற இடத்தில், நோயாளி கையிலிருந்து காசு வாங்காத கிளினிக் திறந்தார்கள். அங்கே ஓர் ஈயத் தொழிற்சாலை. சுற்றுவட்டாரக் குழந்தைகள் ரத்தத்தில் ஈயம் ஏறுகிறது என்று அந்த டாக்டர்கள்தான் பிரச்சினையைத் தெருவுக்குக் கொண்டுவந்தார்கள். இன்று அந்த மாதிரிக் கிளினிக்குகள் பல ஊர்களில் இருக்கின்றன. நாடாளுமன்றத்தில் 2014இல் 2 இடம், 2019இல் 12, 2024இல் 15.

ஒன்று மட்டும் எழுதிவிட்டு நிறுத்துகிறேன். 2015 செப்டம்பரில் நம்ம மூணாறில் தேயிலைத் தோட்டப் பெண்கள் ரோட்டில் உட்கார்ந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். 20 சதவீத போனஸ் கேட்டார்கள், வாங்கவும் செய்தார்கள். எந்த நிறக் கொடியானாலும் யூனியன் தலைவர்களைக் கிட்டே சேர்க்கவில்லை. சி.பி.எம். தலைவர் வி.எஸ். அச்சுதானந்தன் வந்து கூட உட்கார்ந்தபோது அவரை மட்டும் ஏற்றுக்கொண்டார்கள். அந்தப் பெண்களில் பலருக்கு நான் பாரம் நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். அவர்கள் சிவப்பை வெறுத்தவர்கள் இல்லை. தங்கள் கஷ்டத்தைக் கேட்க யூனியனில் ஆள் இல்லை என்பதுதான் அவர்கள் கோபம். கிராட்ஸில் அந்த ஆள் இருந்தார்.

சித்தூர் சிவப்பு:

சரஸ்வதி அக்கா சொன்னதில் மனசு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் வாஷிங் மெஷின் வாங்கிக் கொடுப்பதை வர்க்கப் போராட்டம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதைக் கோயில் கமிட்டியும் செய்யும், சர்ச்சும் செய்யும். கிராட்ஸ் எந்த மாநிலத்தின் தலைநகரம்? ஸ்டைரியா. 2024 நவம்பரில் அந்த மாநிலத் தேர்தலில் முதலிடம் வந்தது தீவிர வலதுசாரி சுதந்திரக் கட்சி, கிட்டத்தட்ட 35 சதவீதம். கம்யூனிஸ்டுகளுக்கு 4.5. அதே வருடம் நாடாளுமன்றத் தேர்தலில் நாடு முழுக்க 2.4, ஓர் இடம்கூட இல்லை. வாடகைப் பிரச்சினைக்கு எல்கே காரிடம் போகிறவர்களில் எத்தனை பேர் நாட்டை யார் ஆள வேண்டும் என்று வரும்போது வேறு பக்கம் போகிறார்கள் என்று யோசியுங்கள்.

ரவி, கொள்கையோடு நிற்கிற கட்சி வேண்டுமென்றால் கிரீஸைப் படியுங்கள். 1918இல் தொடங்கிய கட்சி. மார்க்சியம், லெனினியம் எதையும் மறைக்காது. நேட்டோவிலிருந்தும் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்தும் வெளியேற வேண்டும் என்று நேராகச் சொல்கிறது. கடன் நெருக்கடி நேரத்தில் சிரிசா என்ற புது இடதுசாரிக் கட்சி 2015 ஜனவரியில் ஆட்சிக்கு வந்தது. கம்யூனிஸ்டுகள் அதோடு கூட்டு சேர மறுத்தார்கள். பிடிவாதக்காரர்கள் என்று உலகமே திட்டியது. ஜூலையில் சிரிசா வாக்கெடுப்பு நடத்தியது, கடன் கொடுத்தவர்களின் நிபந்தனை வேண்டாம் என்று 61 சதவீதம் பேர் சொன்னார்கள். சில நாளிலேயே அரசு நிபந்தனைகளுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டது. அன்று ஏமாந்தவர்களில் பலர் இன்று எங்கே இருக்கிறார்கள் பாருங்கள். கம்யூனிஸ்ட் கட்சிக்கு 2012 ஜூனில் 4.5 சதவீதம், 2023 ஜூனில் 7.7, 2024 ஐரோப்பியத் தேர்தலில் 9க்கும் மேல். பத்ராஸ் நகரத்துக்கு 2014இலிருந்து அவர்கள் ஆள்தான் மேயர்.

அவர்கள் பலம் பாமே என்ற தொழிற்சங்க முன்னணி. பிரேயஸ் துறைமுகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பெரும்பங்கு சீன அரசு நிறுவனமான காஸ்கோ கையில் இருக்கிறது. 2021 அக்டோபரில் வேலையில் ஒரு தொழிலாளி இறந்தபோது துறைமுகத் தொழிலாளர் சங்கம் வேலையை நிறுத்தியது. முதலாளி கம்யூனிஸ்ட் நாட்டு அரசாங்கமாச்சே என்று பார்க்கவில்லை. 2024 அக்டோபரில் அதே சங்கத்துத் தொழிலாளர்கள் இஸ்ரேலுக்குப் போக வேண்டிய வெடிபொருள் கன்டெய்னரை ஏற்றவிடாமல் தடுத்தார்கள். வர்க்க அரசியல் என்றால் எனக்கு இதுதான்.

வண்டிப்பெரியாறு ரவி:

மாஷுக்கும் அக்காவுக்கும் சித்தூர் அண்ணாவுக்கும் நன்றி. நோட்டில் எழுதி எழுதிப் பக்கம் போதவில்லை. இரண்டு சந்தேகம். சம்பளத்தைக் கொடுப்பது நம் நாட்டிலும் இருக்கிறதே? எம்.எல்.ஏ., எம்.பி. சம்பளம் கட்சிக்குச் சொந்தம், கட்சிதான் அவர்களுக்கு அலவன்ஸ் கொடுக்கும் என்று சி.பி.எம். அமைப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. அப்பாவும் வருமானத்தில் ஒரு பங்கைக் கட்சிக்கு லெவியாகக் கட்டுகிறார். அப்படியென்றால் கிராட்ஸில் என்ன புதுசு? இன்னொன்று, நகரத்தை ஜெயிக்கிறவர்களால் நாட்டை ஏன் ஜெயிக்க முடியவில்லை என்று சித்தூர் அண்ணா கேட்டதற்கு யாராவது பதில் சொல்லுங்கள்.

மூணாறு சரஸ்வதி:

முதலில் சித்தூர்த் தம்பிக்கு. பிரேயஸ் சங்கதிக்கு என் வணக்கம், அதில் சண்டை இல்லை. ஆனால் அந்தச் சங்கத்தை உற்றுப் பார். ஆள் செத்த இடத்தில் வேலையை நிறுத்தத் தெரிந்ததால்தான் வெடிபொருள் கன்டெய்னரையும் அவர்களால் நிறுத்த முடிந்தது. கூலி, ஷிப்ட், உயிர்ப் பாதுகாப்பு என்று நின்றவன் கூப்பிட்டால்தான் தொழிலாளி அரசியலுக்கும் வருவான். கிராட்ஸில் வாடகை, பிரேயஸில் ஷிப்ட். நான் இரண்டையும் ஒரே வேலையாகத்தான் பார்க்கிறேன். கோயில் கமிட்டி அரிசி கொடுக்கும். வாடகை ஏன் ஏறுகிறது, யார் ஏற்றுகிறார்கள் என்று கேட்காது. நகராட்சி வீடுகளைத் தனியாருக்கு விற்கப் பார்த்தபோது கிராட்ஸ் கட்சி 2004இல் ஊரையே கூட்டி வாக்கெடுப்பு வைத்துத் தடுத்தது. அது தர்மகாரியமா, அரசியலா?

நாட்டை ஏன் ஜெயிக்கவில்லை என்றால், இந்த வேலை ஆள் பலத்தில் நடக்கிற வேலை. கிராட்ஸில் பல வருடமாகக் காகிதம் பார்த்துப் பழகிய ஆட்கள் இருக்கிறார்கள். மலை தாண்டிய கிராமத்தில் அப்படி யாரும் இல்லை. அங்கே டிவியும் போனும்தான் அரசியல் பேசுகின்றன, அதில் வலதுசாரி கெட்டிக்காரன். நாடாளுமன்றத்துக்குள் போக 4 சதவீதம் வேண்டும், எட்டாது என்று நினைக்கிறவன் வேறு ஆளுக்குப் போட்டுவிடுகிறான். அதற்காக வழியே அடைத்துப்போச்சு என்று சொல்ல மாட்டேன். சால்ஸ்பர்க் என்று இன்னொரு நகரம், கட்சிக்குப் பெரிதாக ஒன்றும் இல்லாத இடம். டாங்க்ல் என்ற இளைஞர் வாடகையைக் கையில் எடுத்தார். 2024 மார்ச்சில் நகரசபையில் 23 சதவீதம், மேயர் பதவிக்கு இரண்டாம் சுற்றுவரை போய்த் தோற்று, துணை மேயராக உட்கார்ந்தார். ஜெர்மனியில் இடதுசாரிக் கட்சி செத்துவிட்டது என்று எல்லோரும் எழுதினார்கள். வீடு வீடாகக் கதவைத் தட்டினார்கள், வாடகையும் சூடேற்றும் கட்டணமும் சட்டத்தை மீறி வாங்குகிறார்களா என்று கணக்குப் பார்த்துக் கொடுத்தார்கள். 2025 பிப்ரவரியில் 8.8 சதவீதம். கிராட்ஸைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டோம் என்று அவர்களே சொல்கிறார்கள்.

இனி லெவி. கேள்வி நல்ல கேள்வி. இங்கே பணம் கட்சிக்குப் போகிறது, கட்சி நடத்த அது வேண்டும்தான். முழுநேர ஊழியர் சாப்பிட வேண்டாமா? நான் தப்புச் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பணத்தில் எந்த லயத்துக் கூரை மாறியது, யார் கேசுக்கு வக்கீல் வைத்தோம் என்று லயத்தில் இருக்கிறவருக்குத் தெரியாது. கிராட்ஸில் யாருக்கு என்ன கஷ்டத்துக்கு எவ்வளவு போனது என்று, உதவி வாங்கியவர் பெயர் வெளியே தெரியாமல், கணக்கை வைக்கிறார்கள். ஓட்டுப் போட்டவருக்கும் தெரிகிறது, போடாதவருக்கும் தெரிகிறது. பதவிக்கு வந்தால் சம்பாதிக்கலாம் என்று நினைக்கிறவன் அந்தக் கட்சிப் பக்கமே வரமாட்டான். எனக்குப் பெரிசாகப் படுவது இதுதான்.

மார்க்ஸைப் பேசுகிறார்களா என்று கேட்டிருந்தாய். ஸ்டைரியாக்காரர்கள் தாங்கள் மார்க்சியக் கட்சி என்றுதான் சொல்கிறார்கள், வியன்னாவில் இருக்கிற நாடு தழுவிய கட்சித் தலைமையோடு இதில் அவர்களுக்குப் பெரிய தகராறுகூட நடந்தது. படிப்பு வகுப்பெல்லாம் உண்டு. ஆனால் குளியலறை கேட்டு வந்தவரிடம் முதலில் புத்தகத்தை நீட்டுவதில்லை.

எங்கள் கிளைக் கூட்டத்தில் நானும் கேட்டுவிட்டேன். கமிட்டிக்கு வருகிற லெவியில் ஒரு பங்கை ஓய்வு பெற்றவர்களின் வீட்டுக் கேசுகளுக்கு ஒதுக்க வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கை எழுதி ஆபீஸ் வாசலில் ஒட்ட வேண்டும். செயலாளர் மேல்கமிட்டியில் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றார். சரி, அதை மினிட்ஸில் எழுதுங்கள் என்றேன். எழுதியிருக்கிறார், நான் வாங்கிப் படித்துப் பார்த்தேன். அடுத்த கூட்டத்தில் முதல் விஷயமாக அதைத்தான் எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.